ஓடும் வண்டியா, பிடித்து நின்ற வண்டியா, பெயிண்ட் அடித்த வண்டியா? பழைய டிராக்டர் வாங்கும் முன் ஓர் ஒப்பீடு

பழைய டிராக்டர் ஒன்றை வாங்கிச் சரிசெய்து வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் மூன்று வண்டிகளுக்கு நடுவில் வந்து நின்றுவிடுகிறார்கள். முதல் வண்டி பார்க்கச் சகிக்காது. பெயிண்ட் போய், மட்கார்ட் நெளிந்து, எங்கு தொட்டாலும் கிரீஸ் ஒட்டும், ஆனால் இன்றைக்கும் ஓடுகிறது. இரண்டாவது பல வருடமாக ஒரே இடத்தில் நின்று இன்ஜின் பிடித்துக்கொண்டது. விலை மட்டும் ஆசை காட்டும். மூன்றாவது பளபளவென்று நிற்கும். "எல்லா வேலையும் முடிஞ்சது, ஏறி உட்கார்ந்தா போதும்" என்று விற்கிறவர் சொல்வார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு முதல் வண்டிதான் சரி. ஆனால் இரண்டாவது வண்டி மற்றவர்கள் பயப்படும் அளவுக்கு ஆபத்தானது அல்ல. மூன்றாவது, நம்பப்படும் அளவுக்குப் பத்திரமானதும் அல்ல. ஏன் என்று பார்ப்போம்.

பழைய டிராக்டர் என்று நான் இங்கே சொல்வது சுமார் 1940 முதல் 1975 வரை வந்தவற்றை. ஃபெர்குசன் டி.இ.20 (1946–1956), ஃபோர்டு 8என் (1947–1952), மாஸி ஃபெர்குசன் 35, அதற்கு அடுத்து 1964-ல் வந்த 135 போன்ற வண்டிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முழுமை. எல்லாவற்றுக்கும் மேலே இதைத்தான் வைப்பேன். கெட்டுப்போன பாகத்தைச் சரிசெய்துவிடலாம். கெட்டது கையில் இருந்தால், அதைப் பார்த்து லேத்தில் இன்னொன்று கடைந்துகொள்ளவும் முடியும். இல்லாத பாகத்துக்கு அளவும் இல்லை, மாதிரியும் இல்லை. பானெட், கிரில், டேஷ்போர்டு, மேனிஃபோல்டு, டீசல் பம்ப், ஹைட்ராலிக் கவர், டாப் லிங்க் (பின்னால் மாட்டும் கருவியை மேலே பிடிக்கும் கம்பி) மாட்டும் பிராக்கெட் ஆகிய எல்லாம் வண்டியில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.

உதிரி பாகம். டி.இ.20, 8என் இரண்டுமே தலா 5 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டவை. மாஸி 35 வழி வந்த வண்டிகளைப் பல நாடுகளில் உரிமம் பெற்றுச் செய்தார்கள். அதனால் இவற்றுக்கு லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்குழாய்), பிஸ்டன், கேஸ்கெட், ஆயில் சீல் எல்லாம் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. சில ஆயிரம் மட்டுமே செய்து நிறுத்திய கம்பெனியின் வண்டி என்றால், ஒரே ஒரு கியருக்காக இன்னொரு முழு வண்டியைத் தேடி வாங்க வேண்டியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இடங்கள். இன்ஜினைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக், பிளாக்கில் விரிசல் ஆகிய இவை நான்கும் இன்ஜின் வேலையைவிடப் பெரிய செலவில் கொண்டுபோய் விடக்கூடியவை.

உங்கள் இடமும் நேரமும். இந்த டிராக்டர்களில் தனியாகச் சேஸி கிடையாது. இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு, அதுவே முதுகெலும்பாக நிற்கிறது. ஒரு கிளட்ச் பிளேட் மாற்றவேண்டும் என்றாலும் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதற்குச் சமமான கான்கிரீட் தரை, கூரை, செயின் பிளாக், உறுதியான ஸ்டாண்டுகள் வேண்டும். முன் ஆக்ஸில் நடுவில் ஒரே பின்னில் ஆடுவது. பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் மரக்கட்டை ஆப்பு அடிக்காவிட்டால் முன்பாதி பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

எந்த வேலைக்கு. அணிவகுப்பில் ஓட்டவா, புல் வெட்டவா, உழவா? இதற்குப் பதில் தெரியாமல் வண்டி பார்க்கவே போக வேண்டாம்.

## ஓடும் வண்டி, ஆனால் பார்க்க மோசம்

இந்த வண்டியின் பெரிய பலம், அது பொய் சொல்ல முடியாது என்பது. ஓடுகிற வண்டியிடம் நேராகவே கேள்வி கேட்கலாம்.

போவதற்கு முன்பே விற்கிறவரிடம் "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், காலையில் அது எப்படி ஸ்டார்ட் ஆகும் என்பதை உங்களிடமிருந்து மறைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வரலாம், தப்பே இல்லை.

ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் ஊற்றியது போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் இடைவிடாமல் குமிழி வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசலும் இருக்கலாம்.

ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். குளிர்ந்த டீசல் இன்ஜின் முதல் ஒன்றிரண்டு நிமிடம் வெள்ளைப் புகை விடுவது சகஜம். சூடான பிறகும் நீலப் புகை நிற்காவிட்டால் ஆயில் எரிகிறது. சுமை ஏற்றும்போது மட்டும் கரும்புகை வந்தால் டீசலைத் தெளிக்கும் நாசில், பம்ப் அல்லது காற்று வடிகட்டியில் வேலை இருக்கிறது. பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால், மெக்கானிக்குகள் சொல்லும் 'பேக் கம்ப்ரஷன்' அதுதான். ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன.

இங்கே அவசரப்படாதீர்கள். அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். குளிர்ந்த ஆயிலில் எல்லா இன்ஜினும் நல்ல பிரஷர் காட்டும். சூடேறி ஆயில் இளகிய பிறகு, ஐடிலில் முள் எங்கே நிற்கிறது என்பதுதான் பேரிங்குகளின் உண்மை நிலை.

அப்புறம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கியரிலும், ரிவர்ஸிலும், கொஞ்சம் சுமையோடு. கியர் தானாக நழுவி வெளியே வந்தால் கியர் பாக்ஸைத் திறக்க வேண்டியிருக்கும். இரண்டு பிரேக்கையும் தனித்தனியே மிதியுங்கள். ஒரு பக்கம் பிடிக்கவே இல்லை என்றால், அந்தச் சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிந்திருக்கிறதா பாருங்கள். ஆக்ஸில் சீல் போய் பிரேக் லைனிங் எண்ணெயில் ஊறியிருக்கும்.

ஹைட்ராலிக்குக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். டி.இ.20, 8என் போன்ற வண்டிகளில் பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றவைக்கும் ஷாஃப்ட்) லிவரைப் போட்டால்தான் ஹைட்ராலிக் பம்பே சுற்றும். இது தெரியாமல் "லிஃப்ட் வேலை செய்யவில்லை" என்று நல்ல வண்டியை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. பாரமான ஒன்றை மாட்டித் தூக்குங்கள். தூக்கி நிறுத்தியதும் லிஃப்ட் கைகள் குலுங்கிக் குலுங்கி ஏறி இறங்கினாலோ, இன்ஜினை நிறுத்தியதும் பாரம் தொப்பென்று விழுந்தாலோ உள்ளே பெரிய கசிவு இருக்கிறது. பல நிமிடம் எடுத்து மெதுவாக இறங்கினால் இந்த வயதுக்கு அது பரவாயில்லை. இந்த வண்டிகளில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் எல்லாமே ஒரே ஆயிலில் ஓடுகின்றன. அதில் தண்ணீர் கலந்திருந்தால் மூன்றையும் சேர்த்தே கெடுக்கும்.

மறைந்திருக்கும் செலவு: "ஓடுகிறதே" என்ற நம்பிக்கைதான். வாங்கிய மறுநாளே வேலைக்கு இறக்கிவிடுவார்கள். பல வருடமாக யாரும் தொடாத ஆயில், பழைய ஃபேன் பெல்ட், வெடித்த ரேடியேட்டர் குழாய், காய்ந்துபோன ஒயரிங் ஆகியவற்றை மாற்றாமல் ஓட்டினால், ஓடிய இன்ஜின் உங்கள் கையில் நிற்கும். பின் டயர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் எடைக்காக டயருக்குள் கால்சியம் குளோரைடு கலந்த தண்ணீர் நிரப்பும் பழக்கம் இருந்தது. அது கசிந்து ரிம்மை அரித்துவிடும். வால்வைச் சுற்றி ரிம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். டயரும் ரிம்மும் சேர்ந்து போனால், சில வண்டிகளில் அந்தச் செலவு மொத்த இன்ஜின் வேலையையும் தாண்டும்.

யாருக்கு ஏற்றது: முதல் டிராக்டர் வாங்குகிறவருக்கு. ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிசெய்ய நினைப்பவருக்கு. ஒரு வேலை முடியும்வரை வண்டி நின்றாலும், அடுத்த வாரம் மறுபடி ஓடும். அந்தச் சந்தோஷம்தான் மீதி வேலையைச் செய்ய வைக்கும்.

## பிடித்து நின்ற வண்டி

இந்த வண்டிக்கு நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஓட்டிக்கொண்டுவந்து நிறுத்தினீர்களா, ஓடும்போதே நின்றுவிட்டதா?"

இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நல்ல நிலையில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டு, ஆளில்லாமல் நின்ற இன்ஜின் பெரும்பாலும் துருவால் பிடித்திருக்கும். மேல்நோக்கிய சைலன்சரின் வாய் மூடாமல் இருந்து மழைத்தண்ணீர் இறங்கி, ஏதோ ஒரு சிலிண்டரில் ரிங்கும் லைனரும் ஒட்டிக்கொண்டிருக்கும். இது திரும்ப வரும். ஓடும்போதே பிடித்து நின்றது என்றால் ஆயில் இல்லாமல் பேரிங் உருகியிருக்கலாம், பிஸ்டன் உடைந்திருக்கலாம், கனெக்டிங் ராட் பிளாக்கைக் குத்தியிருக்கலாம். அதை வேறு கணக்கில் பார்க்க வேண்டும்.

விற்கிறவருக்கே பதில் தெரியாவிட்டால் வண்டியைக் கேளுங்கள். நாசிலோ ஸ்பார்க் பிளக்கோ கழற்றப்பட்டு ஓட்டை திறந்தபடி இருந்தால், யாரோ ஏற்கெனவே முயன்று கைவிட்டிருக்கிறார்கள். அதன் பிறகு பெய்த மழையெல்லாம் உள்ளேதான் போயிருக்கும். இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் அடிப்போல்ட்டைக் கொஞ்சம் இளக்கிப் பாருங்கள். முதலில் தண்ணீர் வருகிறதா, ஆயில் வருகிறதா என்பது நிறையச் சொல்லும். பிளாக்கின் வெளிப்பக்கத்தில், தண்ணீர் ஓடும் பகுதி நெடுக விரலால் தடவிப் பாருங்கள். கடுங்குளிர் உள்ள இடத்தில் தண்ணீரை இறக்காமல் விட்ட வண்டி என்றால், அது உறைந்து விரிந்து வார்ப்பிரும்பைப் பிளந்திருக்கும். கியர் லிவர் அசைகிறதா, தள்ளினால் சக்கரம் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்தே பிடித்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் விலகிவிடுவேன்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரே ஒரு வேண்டுகோள்: இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். பிடித்திருப்பது ஒரே ஒரு ரிங்காக இருந்தாலும், இழுக்கிற வேகத்தில் ராட் வளையும், வால்வு ஒட்டியிருந்தால் புஷ் ராட் வளையும், பிஸ்டன் உடையும். சில நாள் பொறுமையில் முடியும் வேலை முழு இன்ஜின் வேலையாகிவிடும்.

பொறுமையான வழி இப்படி. நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊற விடுங்கள். தினமும் எண்ணெய் மட்டம் குறைகிறதா பாருங்கள். குறைந்தால் அது ரிங் வழியாக இறங்குகிறது, நல்ல செய்தி. சில நாள் கழித்து, நாசில்கள் கழற்றியபடியே, வண்டியை டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மயிரிழை அசைந்தால் போதும், அங்கிருந்து மெல்ல மெல்ல முழுச் சுற்றுக்கு வரும். அசையவே இல்லை என்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். லைனர் சுவரில் துரு எவ்வளவு ஆழமாகத் தின்றிருக்கிறது என்று அப்போது கண்ணால் பார்த்துவிடலாம். லேசான கறை என்றால் ஹோனிங்கோடு (உள்சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்குவது) போகும், விரல் நகம் மாட்டும் குழி என்றால் லைனர் மாற்ற வேண்டும்.

சுற்றிவிட்டது என்று உடனே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். டேங்கைக் கழுவி, புது டீசல், புது ஃபில்டர், புது ஆயில் போடுங்கள். ராக்கர் கவரைத் திறந்து எல்லா வால்வும் ஏறி இறங்குகின்றனவா பாருங்கள். டீசல் வண்டிக்கு இன்னொன்றும் உண்டு. நெடுநாள் நின்ற பம்ப்பின் உள்ளே, டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ரேக் ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன இன்ஜின் நிறுத்த முடியாமல் வேகமெடுத்துக்கொண்டே போகும். ஸ்டாப் லிவரை இழுத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். முதல் ஸ்டார்ட்டின்போது காற்றுக்குழாயைத் திறந்து வைத்து, அதன் வாயை முழுதாக மூடக்கூடிய தட்டையான கனமான பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கையால் மூடப் பார்க்கக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு: இன்ஜின் வெறும் தொடக்கம். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும், அதை விடுவிக்க முடியாவிட்டால் வண்டியைப் பிரிக்க வேண்டும். வாட்டர் பம்ப், ரேடியேட்டர், டைனமோ, செல்ஃப், பிரேக், காய்ந்த ஆயில் சீல்கள், நான்கு டயர்கள் என்று அதன்பின் வரிசையாக வரும். ஓடாத வண்டியில் ஹைட்ராலிக்கையும் கியரையும் சோதிக்கவே முடியாது என்பதுதான் இதில் உண்மையான சூதாட்டம். அதனால் நான் கணக்குப் போடும்போது, இன்ஜினுக்குத் தேவை என்று தோன்றும் தொகையை அப்படியே இன்னொரு மடங்கு தனியே எடுத்து வைப்பேன். அப்படி வைத்தும் ஓடும் வண்டியைவிட மலிவாக வந்தால் மட்டுமே வாங்குவேன்.

யாருக்கு ஏற்றது: மூடிய இடமும் கருவியும் உள்ளவருக்கு. ஓட்டுவதைவிடப் பிரித்துச் சேர்ப்பதில் மனம் போகிறவருக்கு. பாகங்கள் எளிதில் கிடைக்கும், முழுமையாக இருக்கும் வண்டிக்கு மட்டும். அரிய வண்டி, பாதி பாகம் இல்லை, இன்ஜினும் பிடித்திருக்கிறது என்றால், கைதேர்ந்த ஒருவர் அதை எடுத்துக்கொள்ளட்டும்.

## பெயிண்ட் அடித்த வண்டி

நல்லபடியாகப் புதுப்பிக்கப்பட்ட வண்டிகள் உண்டு. அவற்றைச் செய்தவர்களின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். விற்பதற்காக மட்டும் பெயிண்ட் அடிக்கப்பட்ட வண்டியை அவற்றிலிருந்து பிரித்தறிவதுதான் இங்கே உங்கள் வேலை.

கிரீஸ் நிப்பிள், ரப்பர் குழாய், ஒயர், ஆயில் சீலின் உதடு ஆகியவற்றின் மேல் பெயிண்ட் படிந்திருக்கிறதா? அப்படியானால் வண்டியைப் பிரிக்காமலே ஸ்பிரே செய்திருக்கிறார்கள். ஒழுங்காகப் பிரித்துச் சேர்த்திருந்தால் போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட தடம் எங்காவது இருக்கும். மட்கார்டில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்து நகர்த்துங்கள். பிடிப்பு விடுகிற இடத்தில் உள்ளே பட்டி கனமாகப் போட்டிருக்கிறது. அடியில் குனிந்து பாருங்கள். கிரீஸின் மேலேயே அடித்த பெயிண்ட் தோல் மாதிரி உரியும்.

ஒருமுறை இப்படி ஒரு பளபளப்பான வண்டியை நானும் வாங்கியிருக்கிறேன். முதல் மழைக்காலம் முடியும் முன் பிளாக்கின் பக்கவாட்டில் பெயிண்ட் உப்பிக்கொண்டு வந்தது. சுரண்டினால் உள்ளே எபாக்ஸி பசை, அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். பெயிண்ட் இல்லாமல் இருந்திருந்தால் அந்த விரிசலை முதல் நாளே பார்த்திருப்பேன்.

அடையாள எண்ணையும் பாருங்கள். ஃபோர்டு 8என் வண்டிக்கு அது இன்ஜின் பிளாக்கின் இடது பக்கம் குத்தப்பட்டிருக்கும். டி.இ.20 வண்டிக்கு டேஷ்போர்டில் தகடு இருக்கும். தகட்டைக் காணோம், எண் அரைத்து எடுக்கப்பட்டிருக்கிறது, அல்லது பட்டி பூசி மூடப்பட்டிருக்கிறது என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். நிறமும் பேசும். 1956-ல் வந்த ஃபெர்குசன் 35 வண்டிக்குத் தகரமெல்லாம் சாம்பல் நிறம், இன்ஜினும் கியர் பாக்ஸும் வெண்கல நிறம். அதே 35 பிறகு மாஸி ஃபெர்குசன் பெயரில் வந்தபோது தகரம் சிவப்பானது. இரண்டும் கலந்து நின்றால் பல வண்டிகளிலிருந்து சேர்த்துக் கட்டியதாக இருக்கலாம். வேலைக்கு அது தடையில்லை, ஆனால் அசல் வண்டியின் விலையைக் கொடுக்கக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு: சரியில்லாத பெயிண்டை எடுத்துவிட்டு மறுபடி அடிப்பது, முதல்முறை அடிப்பதைவிடக் கூடுதல் வேலை. மணல் வீச்சில் சுத்தம் செய்த வண்டி என்றால், அதற்கு முன் எல்லாத் துளைகளையும் அடைத்தார்களா என்று கேளுங்கள். மணல் பேரிங்குக்குள் போனால் ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரியும்.

யாருக்கு ஏற்றது: பிரித்த நிலையில் எடுத்த புகைப்படங்கள், பாகங்கள் வாங்கிய பில்கள், லேத் வேலையின் அளவுகள் எல்லாம் காட்டக்கூடியவரிடமிருந்து வாங்குகிறவருக்கு. பட்டறை வசதி இல்லாமல், ஓட்டி மகிழ மட்டும் விரும்புகிறவருக்கு. இந்த ஆவணங்கள் இருந்தால், மூன்றிலும் கடைசியில் மலிவாக முடிவது பல நேரம் இதுதான். செய்தவர் போட்ட பணம் முழுதும் விற்கும்போது திரும்பி வருவது அரிது.

## ஒரே பார்வையில்

| | ஓடும் வண்டி | பிடித்து நின்றது | பெயிண்ட் அடித்தது |
|---|---|---|---|
| வாங்கும் விலை | நடுத்தரம் | குறைவு | அதிகம் |
| சோதித்துப் பார்க்க முடியுமா | முழுவதும் | பாதிகூட முடியாது | ஓட்டம் தெரியும், உடம்பு தெரியாது |
| பெரிய ஆபத்து | உடனே வேலைக்கு இறக்குவது | கியர், ஹைட்ராலிக் நிலை தெரியாதது | மூடி மறைத்த விரிசல், பட்டி |
| தேவையான இடம், கருவி | கொஞ்சம் | நிறைய | மிகக் குறைவு |
| எப்போது ஓட்டலாம் | சில நாளில் | மாதங்கள், சிலருக்கு வருடங்கள் | அன்றே |
| அசல் பெயிண்ட் | பெரும்பாலும் இருக்கும் | இருக்கலாம் | போய்விட்டது |

## எதை எடுத்தாலும் வரும் செலவு

இவை மூன்றுக்கும் பொது. முதலாவது, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம். புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது 1959-ல் ஸ்வீடன். அந்தக் காலத்துப் பெரும்பாலான வண்டிகளில் அது இல்லை. சரிவில் ஓட்டவோ வேலைக்கோ பயன்படுத்துவதாக இருந்தால், உங்கள் மாடலுக்கென்று வடிவமைத்துச் சோதிக்கப்பட்ட சட்டகத்தையும் சீட் பெல்ட்டையும் சேர்த்து வாங்குங்கள். வீட்டில் வெல்டிங் செய்த குழாய் போதாது. எதையும் இழுப்பதானால் பின்னால் உள்ள டிராபாரில் (இழுவைக் கம்பி) மட்டும் மாட்டுங்கள். ஆக்ஸிலிலோ டாப் லிங்க்கிலோ சங்கிலி கட்டினால் முன்சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கமாகப் புரளும்.

இரண்டாவது, டி.இ.20, 8என் போன்றவற்றில் கிளட்சை மிதித்தாலும் பி.டி.ஓ.வில் சுற்றும் புல்வெட்டியின் கனம் கியர் பாக்ஸ் வழியாக வண்டியை முன்னே தள்ளிக்கொண்டே போகும். பி.டி.ஓ. ஷாஃப்டில் ஒருவழியாக மட்டும் இழுக்கும் கப்ளிங் ஒன்றைப் போட்டால் இது தீரும். புல்வெட்டி ஓட்டுபவர் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான்.

மூன்றாவது, தூசு. அந்தக் காலத்துப் பிரேக், கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸும் பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். காற்றடித்துச் சுத்தம் செய்யாமல், ஈரத்துணியால் துடைத்து, தகுந்த முகக்கவசத்தோடு வேலை செய்யுங்கள்.

## இன்னும் முடிவுக்கு வராதவர்களுக்கு

இரண்டு வண்டிகள் சமமாகத் தோன்றினால், அசல் பெயிண்ட் பாதியாவது மிச்சமிருக்கும் வண்டியை எடுங்கள். பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், அசலைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இயந்திர வேலை எல்லாம் முடிந்து ஒரு முழுப் பருவம் ஓட்டிய பிறகு, பெயிண்ட் வேண்டுமா என்று யோசியுங்கள். அதற்குள் எங்கே கசிகிறது, எதை மறுபடி கழற்ற வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருக்கும்.

ஓடும் வண்டி கிடைக்கவில்லை, பிடித்து நின்றதும் பெயிண்ட் அடித்ததும்தான் இருக்கின்றன என்றால், பெயிண்ட் வண்டிக்காரரிடம் ஒரே ஒரு புகைப்படம் கேளுங்கள்: பெயிண்டுக்கு முன், பிரித்த நிலையில் எடுத்தது. அது இருந்தால் அந்த வண்டி. இல்லை என்றால், நிறுத்தி வைத்ததாகச் சொல்லும் அந்தத் துருப்பிடித்த வண்டியின் பாகங்களை எண்ணத் தொடங்குங்கள்.